75 மில்லிமீட்டர் தாழ்த்தப்பட்ட கூரை: ஒரு பழைய காரின் மாற்றச் செலவு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உரிய கார் 1950ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டு கதவு செடான், அதாவது மூடிய கூரையுள்ள கார். சேசிஸ் எனப்படும் தனி அடிச்சட்டத்தின் மேல் உடற்கூடு அமர்ந்த வகையைச் சேர்ந்தது. முன்கண்ணாடி நடுவில் ஒரு பட்டையுடன் இரண்டு தட்டைத் துண்டுகளாக இருந்தது. பின்கண்ணாடி வளைந்த ஒரே துண்டு. உரிமையாளர் அதை 9 ஆண்டுகளாக வைத்திருந்தார். எஞ்சினும் பிரேக்கும் நல்ல நிலையில் இருந்தன, கார் வாரந்தோறும் ஓடிக்கொண்டிருந்தது. உரிமையாளர், பட்டறைத் தலைவர் ஆகியோரின் விருப்பப்படி அவர்களுடைய பெயரையும் காரின் மாடலையும் இங்கே குறிப்பிடவில்லை. செலவு தொடர்பாக இருவருக்கும் கருத்து வேறுபாடு எழுந்தபோது கணக்கைச் சரிபார்க்க இரு தரப்பும் சேர்ந்து என்னை அழைத்தன. அதற்கு முந்தைய நிகழ்வுகளைப் பட்டறையின் வேலைப் பதிவேட்டிலிருந்தும் இருவரின் வாய்மொழியிலிருந்தும் தொகுத்திருக்கிறேன். பிந்தையவற்றை நானே நேரில் பார்த்தேன்.

உரிமையாளர் விரும்பியது கூரையைத் தாழ்த்துவது. கூரையைத் தாங்கும் தூண்களின் நடுவில் ஒரு பகுதியை அறுத்தெடுத்து, கூரையைக் கீழே இறக்கி மீண்டும் பற்றவைக்கும் இம்முறை, 1930களில் அமெரிக்காவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பந்தயம் ஓட்டியவர்கள் காற்றின் தடையைக் குறைப்பதற்காகக் கையாண்டது; பிறகு தோற்றத்துக்காகவே செய்யும் கலையாக வளர்ந்தது. நன்றாகச் செய்யப்பட்ட கூரைத் தாழ்வு ஒரு பருத்த காரை நீண்டதாகவும் தரையோடு ஒட்டியதாகவும் காட்டும். அந்த ஆசையில் எனக்குக் குறை காண எதுவும் இல்லை. இங்கே ஆராயப்படுவது, அந்த ஆசைக்கு எழுதப்பட்ட விலையும் உண்மையில் கொடுக்கப்பட்ட விலையும் ஏன் இவ்வளவு விலகி நின்றன என்பது மட்டுமே.

முதல் மதிப்பீடு

தொடக்கத்தில் இரண்டு வழிகள் பேசப்பட்டன. ஒன்று, கூரையில் திறப்பு வெட்டி, மடங்கிச் சரியும் துணிக்கூரை பொருத்துவது. இதில் தூண்களையோ கதவுகளையோ கண்ணாடிகளையோ தொட வேண்டியதில்லை. திறப்பைச் சுற்றி வலுச்சட்டம், நான்கு மூலைகளிலும் மழைநீர் இறங்கும் குழாய்கள், கூரையின் அடிப்பக்கத்தை மூடும் புதிய உள்விரிப்பு ஆகியவை போதும். மற்றொன்று, கூரையைத் தாழ்த்துவது. உரிமையாளர் இரண்டாவதைத் தேர்ந்தார். முதலில் அவர் 100 மில்லிமீட்டர் கேட்டார். ஓட்டுநர் இருக்கையில் அவரை உட்கார வைத்து அளந்தபோது தலைக்கும் கூரைக்கும் இடையே 110 மில்லிமீட்டரே இருந்ததால், 75 மில்லிமீட்டர் தாழ்த்துவது, இருக்கைத் தண்டவாளத்தை 30 மில்லிமீட்டர் இறக்குவது என்று முடிவாயிற்று. இந்த ஒரு முடிவு சரியான முறையில், அளந்து பார்த்து எடுக்கப்பட்டது.

மதிப்பீடு அப்படி எழுதப்படவில்லை. பட்டறை 160 மணி நேர வேலை என்று எழுதிக் கொடுத்தது: அறுத்து இணைக்க 90, கதவுகளுக்கு 30, கண்ணாடிக்கு 10, ரப்பரும் உள்விரிப்பும் 10, தகட்டை மட்டம் செய்ய 20. வண்ணம் கூரைக்கும் தூண்களுக்கும் மட்டும். கூலி பாதி, பொருளும் வெளி வேலையும் பாதி என்று மொத்தத் தொகை கணக்கிடப்பட்டது. நான்கு மாதத்தில் கார் வெளியே வரும் என்பது பேச்சு. இந்த மதிப்பீடு கார் முழுதாக, வண்ணத்துடனும் உள்விரிப்புடனும் நின்றுகொண்டிருந்தபோது, அரை மணி நேரம் சுற்றிப் பார்த்து எழுதப்பட்டது என்பதைப் பதிவேடே காட்டுகிறது.

பிரித்தபோது கண்டவை

உள்விரிப்பையும் தூண்களின் உட்பட்டைகளையும் கழற்றிய முதல் வாரத்திலேயே இரண்டு சிக்கல்கள் தென்பட்டன. மழைநீர் வழியும் விளிம்பின் மடிப்புக்குள் இருபுறமும் துரு அரித்திருந்தது. பின்தூணின் வலப்பக்கம் முன்னொரு காலத்தில் நசுங்கி, நேராக்கப்படாமல், பள்ளம் நிரப்பப் பூசும் பட்டி என்ற பசையால் கனமாக மூடப்பட்டிருந்தது. பட்டி 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும்வரை பெரிய தீங்கில்லை. அங்கே இருந்ததோ 11 மில்லிமீட்டர். அந்தத் தூணில் புதிய பற்றவைப்பு நிற்க வேண்டுமென்றால் பட்டி முழுவதையும் சுரண்டி, தகட்டை வெட்டி மாற்றியே ஆக வேண்டும். இதற்கு 41 மணி நேரம் ஆனது. மதிப்பீட்டில் இதற்கென ஒரு வரிகூட இல்லை.

இந்த இடத்தில் வேலையை நிறுத்தி, உரிமையாளரை அழைத்து, கணக்கைத் திருத்தியிருக்க வேண்டும். பட்டறைத் தலைவர் தொலைபேசியில், “கொஞ்சம் துரு இருக்கிறது, பார்த்துக்கொள்கிறோம்” என்று சொன்னார். உரிமையாளர், “சரி, பாருங்கள்” என்றார். இருவருமே நல்லெண்ணத்தில் பேசியவர்கள். பின்னர் வந்த கசப்பு முழுவதற்கும் இந்த இரண்டு சொற்றொடர்களே வித்து என்பது என் கருத்து.

அறுப்பும் அதன் கணிதமும்

அறுப்பதற்கு முன் கதவுத் திறப்புகளுக்கு இடையே இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்து உடற்கூட்டை அசையாமல் பிடித்தார்கள். மூலைக்கு மூலை அளவெடுத்துத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்தார்கள். அறுப்பு நேர்த்தியாக நடந்தது. தூண்களை வெட்டிக் கூரையை இறக்கிப் புள்ளிப் பற்றவைப்பில் நிறுத்த மொத்தம் 26 மணி நேரமே பிடித்தது. அன்று எடுத்த படத்தில் கார் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது போலத் தெரிகிறது. உரிமையாளரும் அப்படியே நம்பினார்.

ஆனால் கூரை எங்கும் பொருந்தவில்லை. தூண்கள் செங்குத்தாக நிற்பவை அல்ல. எல்லாமே மேலே போகப் போக உள்நோக்கிச் சாய்கின்றன. முன்தூண் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை பின்சாய்ந்திருந்தது. அதில் 75 மில்லிமீட்டர் உயரத்தை எடுத்துவிட்டுக் கூரையை நேராக இறக்கினால், மேல் துண்டின் அடி கீழ்த் துண்டின் நுனிக்கு 43 மில்லிமீட்டர் பின்னால் வந்து நிற்கும். பக்கவாட்டிலும் இதே கதைதான். பக்கங்கள் 10 பாகை உட்சாய்ந்திருந்ததால் பக்கத்துக்கு 13 ஆக மொத்தம் 26 மில்லிமீட்டர் அகலம் குறைந்தது. தூண்களை இழுத்து வளைத்து இந்த வேறுபாட்டை மறைக்க முடியாது. மறைத்தால் கதவு மூடாது. கூரையை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அறுத்து நான்கு துண்டாக்கி, துண்டுகளை விலக்கி வைத்து, இடைவெளியில் வேறு தகடு சேர்க்க வேண்டும். அந்தத் தகட்டுக்கும் கூரையின் வளைவே இருக்க வேண்டும் என்பதால், கழித்துக் கட்டப்பட்ட இன்னொரு காரின் கூரையைத் தேடி வாங்க நேர்ந்தது. மதிப்பீட்டில் அதுவும் இல்லை.

குறுக்குப் பட்டையின் இரு விளிம்பும் நெடுக்குப் பட்டையின் இரு விளிம்பும் சேர்ந்து ஏறக்குறைய 5 மீட்டர் நீளப் பற்றவைப்பு. கூரை, காரிலேயே மிகப் பெரிய, மிகக் குறைந்த வளைவுள்ள தகடு. ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத அந்தத் தகட்டில் தொடர்ந்து சூடேற்றினால் அது அலையலையாய் நெளிந்துவிடும். ஆகவே மின்வில்லால் தகட்டை உருக்கி இணைக்கும் டிக் வெல்டிங்கில் 12 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு தையல் போட்டு, அது கைபொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை வேறிடத்தில் போட்டு, திரும்பி வந்து அடியில் டாலி என்ற இரும்புக் கட்டியைப் பிடித்து மேலே சுத்தியலால் மெல்லத் தட்டிச் சுருக்கத்தை எடுத்து, அதன் பிறகே அடுத்த தையல் என்று போனார்கள். நானூறுக்கும் மேற்பட்ட தையல்கள். நான் அழைக்கப்பட்ட பின் ஒரு நாள் மாலை, பற்றவைத்த தொழிலாளி கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைக் கூரையின் மீது மெதுவாக ஓட்டிவிட்டு, “இங்கே இன்னும் கொஞ்சம் பள்ளம் இருக்கிறது” என்று விரலால் ஓரிடத்தைக் காட்டினார். எனக்கு விளக்கொளியிலும் அது தெரியவில்லை. நீட்டிப்புக்கு மட்டும் 118 மணி நேரம் போனது. இதில் ஒரு மணியும் வீண் என்று என்னால் சொல்ல முடியாது. தவறு வேலையில் இல்லை. இந்த 43-உம் 26-உம் ஒரு கோணமானியும் காகிதமும் இருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கக்கூடிய எண்கள்.

பின்கண்ணாடி

முன்கண்ணாடி எளிதில் தீர்ந்தது. இரண்டு கண்ணாடித் தாள்களுக்கு நடுவே நெகிழிப் படலம் ஒட்டிய வகை என்பதால், அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்துப் புதிய தட்டைத் துண்டுகளையே செய்து வாங்கிவிட்டார்கள். பின்கண்ணாடி அப்படியல்ல. சூடேற்றி விரைந்து குளிரவைத்து இறுக்கப்பட்ட கண்ணாடியின் மேற்பரப்பு அமுக்கத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்கும். அதை அறுக்க முயன்றால் முழுவதும் பொடியாகிவிடும். எனவே கண்ணாடியை அப்படியே வைத்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள சட்டத் தகட்டை ஒரே துண்டாக வெட்டியெடுத்து, முன்பைவிடக் கூடுதலாகச் சாய்த்துப் பற்றவைப்பது என்று பட்டறை முடிவெடுத்தது. சரியான முடிவு. கூரையின் பின்விளிம்பில் ஏறத்தாழ 70 மில்லிமீட்டரை நறுக்க வேண்டியிருந்தாலும் பின்புறக் கோடு இன்னும் அழகாக அமைந்தது.

சட்டத்தின் வடிவம் பிசகாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக உண்மையான கண்ணாடியையே அதில் வைத்து, மேலே ஈரத்துணி போர்த்திக்கொண்டு, ஓரங்களில் புள்ளிப் பற்றவைப்பு செய்தார்கள். துணி ஒரு மூலையில் நழுவியிருக்கிறது. தெறித்த தீப்பொறிகள் கண்ணாடி விளிம்பில் கடுகளவு குழிகளை உண்டாக்கின, யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் காலை ரப்பரைப் பொருத்தி, அதன் உதட்டைச் சட்டத்தின் மேல் ஏற்றும் கயிற்றை இழுத்தபோது, ஒரே ஓசையுடன் கண்ணாடி முழுவதும் உப்புக்கல் போல இருக்கையிலும் தரையிலும் கொட்டியது. நல்ல வேளையாக யாருக்கும் காயமில்லை.

அந்த வளைவுக்குரிய கண்ணாடி 11 வாரங்கள் தேடியபின் பழைய பாகங்கள் சேகரிக்கும் ஒருவரிடம் கிடைத்தது. அதன் விலை, மதிப்பீட்டில் எல்லாக் கண்ணாடிகளுக்குமாக ஒதுக்கியிருந்த தொகையைப்போல மூன்று மடங்கு. சட்டம் பொருந்துகிறதா என்று பார்க்க உண்மையான கண்ணாடி தேவையே இல்லை. பழைய கண்ணாடியின் மீது படியெடுத்த ஒரு கண்ணாடியிழை அச்சு போதுமானது. அதைச் செய்ய ஒரு நாள் ஆகியிருக்கும்.

கதவுகள்

இந்தக் காரில் மிக அதிக நேரத்தை விழுங்கிய தனி வேலை கூரை நீட்டிப்பல்ல, இரண்டு கதவுகள்தாம். 30 மணி என்று எழுதப்பட்டது 134 மணியில் முடிந்தது. கதவின் கண்ணாடிச் சட்டத்தையும் தூணைப் போலவே அறுத்துத் தாழ்த்த வேண்டும். கூரை 43 மில்லிமீட்டர் நீண்டபடியால் சட்டத்தின் மேல்விளிம்பும் அதே அளவு நீள வேண்டும். அதற்குள் ஓடும் கண்ணாடியின் பள்ளம், முன்மூலையில் இருந்த முக்கோணச் சிறு சன்னல், அதன் குரோம் பூசிய சட்டம் எல்லாமே புதுக் கோணத்துக்கு மாற வேண்டும். அந்தச் சிறு சட்டம் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டது. அத்தகைய வார்ப்பு சாதாரணப் பற்றவைப்பில் உருகி ஓடிவிடும் என்பதால், பித்தளைத் தகட்டில் புதிதாகச் செய்து குரோம் பூசக் கொடுத்தார்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியின் வீச்சையும் 75 மில்லிமீட்டர் குறைத்து நிறுத்தம் வைக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் கண்ணாடி கூரைச் சட்டத்தில் மோதும். கதவுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட சந்து சுற்றிலும் 4 மில்லிமீட்டர் வரும்வரை கதவைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக ஒரு மாதம் போயிற்று.

வேலை நின்றதும் புதிய உடன்பாடும்

ஏழாவது மாதத்தில், ஒப்புக்கொண்ட தொகை முழுவதும் கொடுக்கப்பட்டுவிட்ட நிலையில், கார் ப்ரைமர் என்ற அடிப்பூச்சுகூட அடிக்கப்படாமல் நின்றது. பட்டறை மேலும் பணம் கேட்டது; உரிமையாளர் மறுத்தார். இரண்டு மாதம் யாரும் காரைத் தொடவில்லை. நான் உள்ளே வந்தது அப்போதுதான்.

உரிமையாளருக்கு மூன்று வழிகள் இருந்தன: காரை அப்படியே வேறு பட்டறைக்குக் கொண்டுபோவது, பாதி வேலையோடு விற்றுவிடுவது, இங்கேயே முடிப்பது. இன்னொருவர் பற்றவைத்த கூரைக்கு எந்தப் பட்டறையும் பொறுப்பேற்பதில்லை. எடுத்தால் பெரும்பாலும் மறுபடி வெட்டித்தான் தொடங்குவார்கள். அறுபட்ட கூரையுடன் இருக்கும் காரை வாங்குபவரோ பாகங்களின் விலையே தருவார். ஆகவே இங்கேயே முடிப்பது என்று பரிந்துரைத்தேன், ஆனால் பழைய உடன்பாட்டை விட்டுவிட்டுப் புதிதாக எழுதும்படி கேட்டுக்கொண்டேன். மிச்ச வேலை நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்துக்கும் மேல்வரம்புத் தொகை, கட்டம் முடிந்ததும் படங்களுடன் கணக்கு, கையொப்பம் வந்த பிறகே அடுத்த கட்டம். உடைந்த கண்ணாடிக்கும் முதல் மதிப்பீட்டின் குறைக்கும் ஈடாகப் பட்டறை 60 மணி நேரக் கூலியைக் கைவிட்டது. பட்டறைத் தலைவர் அதற்குத் தயங்காமல் இசைந்தார் என்பதை அவருக்கு உரிய மதிப்புடன் பதிவு செய்கிறேன்.

வண்ணம், பதிவு, காப்பீடு

கூரைக்கும் தூண்களுக்கும் மட்டும் வண்ணம் என்ற எண்ணம் நடைமுறையில் நிற்கவில்லை. தூணில் வண்ணத்தை எங்கே முடிப்பது? கதவு, பின்பக்கத் தகடு, முன்மூடியின் ஓரம் என்று எல்லை நகர்ந்துகொண்டே போனது. வெயிலில் வெளுத்த பழைய வண்ணத்தோடு புதியது ஒட்டவில்லை. முடிவில் கார் முழுவதற்கும் அடிக்கப்பட்டது.

கட்டமைப்பை மாற்றிய காரை மீண்டும் ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும் என்று பதிவு அதிகாரிகள் கேட்டார்கள். பற்றவைப்புப் படங்களும் அளவுக் குறிப்புகளும் ஒழுங்காக இருந்ததால் ஆய்வு ஒரே நாளில் முடிந்தது. காப்பீட்டில் கார் புதிதாக மதிப்பிடப்பட்டது; மாற்றத்துக்கு முன்பிருந்த மதிப்பைவிட உயர்ந்ததுதான், ஆனால் உயர்வு செலவழித்த தொகையில் மூன்றில் ஒரு பங்கே. தொழிற்சாலை வடிவத்தை விரும்பும் வாங்குநர்களுக்கு இந்தக் கார் இனி இல்லை என்று மதிப்பீட்டாளர் சொன்னார். பழங்கால வாகனங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவாவின் வரையறை, 30 ஆண்டு வயதை மட்டுமல்லாமல், வரலாற்று நோக்கில் சரியான நிலையில் பேணப்பட்டிருப்பதையும் கேட்கிறது. அந்தத் தகுதியும் இந்தக் காருக்கு இனி எளிதில் கிட்டாது. இவற்றை உரிமையாளர் முன்பே கேட்டிருந்தால் முடிவை மாற்றியிருப்பாரா என்று வினவினேன். கூரையைத் தாழ்த்தும் முடிவை மாற்றியிருக்க மாட்டேன், ஆனால் கார் வேறாக இருந்திருக்கும், முன்பே துருவேறி மதிப்பிழந்த ஒன்றைத் தேடி வாங்கியிருப்பேன் என்றார்.

கணக்கின் முடிவு

மொத்த வேலை 470 மணி நேரம்: அறுப்பும் இறக்கமும் 26, நீட்டிப்பு 118, துருவும் பழைய நசுங்கலும் 41, கதவுகள் 134, கண்ணாடிகள் 38, உள்விரிப்பும் உட்பட்டைகளும் 47, தகட்டை மட்டம் செய்தது 66. மொத்தச் செலவு முதல் மதிப்பீட்டைப்போல 2.6 மடங்கு, காலம் நான்கு மாதத்துக்குப் பதிலாகப் பதினான்கு. கூரையை வெட்டி இறக்கியது, மக்கள் இந்த மாற்றம் என்றதும் மனத்தில் காணும் அந்த ஒரே காட்சி, மொத்த நேரத்தில் நூற்றுக்கு ஆறுகூட இல்லை. மீதி முழுவதும் கூரை எதையெல்லாம் தொட்டுக்கொண்டு நின்றதோ அவற்றைச் சரிசெய்யச் செலவானது.

இனி மாற்றிச் செய்யப்படுபவை

இப்பட்டறை இப்போது கூரை மாற்றத்துக்கு உடனே தொகை சொல்வதில்லை. உள்விரிப்பைக் கழற்றி, தூண்களைக் காந்தம் வைத்துப் பட்டி இருக்கிறதா என்று சோதித்து, கோணங்களை அளந்து முழு அளவுப் படம் வரைவதைத் தனிக் கட்டணமுள்ள வேலையாகச் செய்கிறது. அதைப் பார்த்து உரிமையாளர் விலகிக்கொண்டால் அந்தக் கட்டணத்தோடு முடிந்தது. பக்கவாட்டுப் படத்தில் கூரையை வெட்டி ஒட்டி, 50, 75, 100 மில்லிமீட்டர்த் தோற்றங்களைக் காட்டுகிறது. 50 போதும் என்று ஒருவருக்குத் தோன்றினால் அதனால் மிச்சமாகும் தொகை சிறிதல்ல, ஏனெனில் சாய்வால் வரும் விலகல் அதே விகிதத்தில் குறைகிறது. மாற்றுப் பின்கண்ணாடியும் கழித்துக்கட்டிய ஒரு கூரையும் கையில் வந்து சேர்ந்த பிறகே அறுப்பு. வண்ணம் கார் முழுவதற்கும் என்றே கணக்கிடப்படுகிறது. இவற்றோடு நான் வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னது, பிரித்தபின் புதிதாகத் தென்படும் எதையும் தொலைபேசியில் பேசி முடிக்கக் கூடாது என்பது. படமும் மணிக்கணக்கும் எழுத்தில் போக வேண்டும், விடையும் எழுத்தில் வர வேண்டும்.

கார் வெளிவந்து 13 மாதங்கள் கழித்து அதைப் பார்த்தேன். மூலைக்கு மூலை அளவுகள் பதிவேட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குமேல் விலகவில்லை. கூரையில் பற்றவைப்புக் கோடு எந்த ஒளியிலும் தெரியவில்லை. கதவு ஒரு விரல் தள்ளலில் மூடியது. பின்னோக்கிய பார்வை குறைந்துவிட்டதால் உரிமையாளர் வெளிப்புறக் கண்ணாடிகள் இரண்டைச் சேர்த்திருக்கிறார். பின்கண்ணாடிக்கு மாற்று ஒன்று வாங்கி வைக்க அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார், இதுவரை கிடைக்கவில்லை. காப்பீடும் அந்தக் கண்ணாடியைத் தனியாக ஏற்பதில்லை. சரளைக் கல் கொட்டிய சாலைகளில் அவர் அந்தக் காரை எடுப்பதில்லை.